முப்பத்தேழு கார்களும் ஓர் அலுமினியக் குவளையும்

இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவள் எல் டீச்சர்தான். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒருமுறை முறைத்தால் சிவப்பு விளக்கு தானாகவே பச்சையாகிவிடும். சரி, பாதி என்பது மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.

காரின் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுதிய பலகை தொங்கியதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் வழக்குக் கட்டிலும் மட்டும்தான் இருந்தது. வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் பிறர் ஓட்டுகிற காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே கழிந்தது. வீட்டின் முன்னறைதான் பள்ளி. ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சாலைக் குறியீடுகள் அச்சடித்த ஒரு படம், எங்கோ உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றி வந்த பழைய ஸ்டீயரிங் ஒன்று. பயந்தாங்கொள்ளிகள் முதல் இரண்டு நாள் அந்த ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து ஓட்டிப் பழக வேண்டும். அப்படியும் சுவரில் மோதியவர்கள் உண்டு என்பாள்.

காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்துவிட்டது. தொலைக்காட்சியில் யாராவது வேகமாக ஓடினால் அந்தக் கால் தரையை அழுத்தும். கணவர் யோசிக்காமல் ஏதாவது பேச வாயெடுத்தாலும் அழுத்தும். தரையில் பிரேக் இல்லாததால் இரண்டும் நின்றதில்லை.

கணவரைத் தெருவில் டிப்போக்காரர் என்பார்கள். முப்பத்தோரு வருடம் பேருந்து டிப்போவில் அவருக்கு ஒரே வேலைதான். விடியுமுன் வரிசையாக நிற்கும் பேருந்துகளின் பானெட்டைத் தூக்க வேண்டும், அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைக்க வேண்டும், மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓடும் இன்ஜின் இரும்போடு இரும்பு உரசிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது எடைக்குத்தான். அவர் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அவராக எடுத்துவந்தது ஓர் அலுமினியக் குவளை, பத்து ஊற்றினால் ஒரு லிட்டர். கடிகாரம் இரண்டாவது மாதமே நின்றுவிட்டது.

இப்போது கார். சாம்பல் நிறத்தில் சின்ன வண்டி. எட்டு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கியது. மூன்றாவது மாதத்திலிருந்து எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. ஒழுகவில்லை, சொட்டவில்லை, உள்ளே போனது உள்ளேயே மறைந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் எண்ணெயை வழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வண்டியின் வளையங்கள் அனுப்பாமல் எரியவிட்டன. சர்வீஸ் சென்டர்க்காரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்த இன்ஜினுக்கு இது சகஜம்தாம்மா," என்றான்.

சகஜமாக இருந்த அது, இரண்டாவது வருடம் பெரிய ரவுண்டானாவின் நடுவில் சிக்கிக்கொண்டது. ஸ்டீயரிங்கில் ஒரு நர்ஸ். மெயின் ரோட்டுக்கு அன்றுதான் முதல் நாள். பின்னால் வந்த பேருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. நர்ஸ் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். இன்றுவரை எந்தக் காரிலும் முன்னிருக்கையில் உட்காருவதில்லையாம்.

கம்பெனி இன்ஜினைப் பிரித்து, அதே வகை வளையங்களையே மறுபடி போட்டு, கூடவே ஒரு கடிதமும் கொடுத்தது. 'பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்ட வாகனம். ஓட்டுநரின் தவறான கையாளுதலே பழுதுக்குக் காரணம்.' டீச்சர் அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். அவரிடமும் அதே வண்டி, அதே தாகம். சர்வீஸ் சென்டர் வேலையை உதறிவிட்டு வந்த ஒருவர் அவரிடம் ஒரு சுற்றறிக்கையின் நகலைக் காட்டியிருந்தார். 'எண்ணெய் குறைவதைப் பழுது என்று எழுதாதீர்கள், இயல்பு என்று சொல்லுங்கள்' என்று கம்பெனி தன் ஆட்களுக்கே அனுப்பிய காகிதம். மறு வருட வண்டிகளில் வளையத்தைச் சத்தமில்லாமல் மாற்றியும்விட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் கடைக் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். முப்பத்தேழு பேர் சேர்ந்தார்கள். வழக்குப் போட்டார்கள்.

வக்கீலம்மா முதல் நாளே எல்லாரையும் கேட்டாள், என்ன வேண்டும் என்று. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"எனக்கு ஒரு வரி போதும்," என்றாள் டீச்சர். "என் கால்ல தப்பில்லைன்னு கோர்ட்டு ஒரு வரி எழுதணும். அதை வாங்கி முன்னறையில மாட்டணும்."

அந்த ஒரு வரிக்காக ஐந்து வருடம் நடந்தாள். நீதிமன்ற நடைக்கூடம் மனப்பாடமாகிவிட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பலகை பிளந்திருக்கும். தெரியாமல் உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளும். கம்பெனி வக்கீலுக்குத் தொண்டைக்கட்டு, வாய்தா. தொண்டை சரியானபோது காகிதம் வரவில்லை, வாய்தா. காகிதம் வந்தபோது நீதிபதி மாற்றலாகிப் போயிருந்தார். முதல் வருடம் அவளிடம் ஓட்டப் பழகியவர்கள் உரிமம் வாங்கி, கார் வாங்கி, அதை எங்கேயாவது இடித்து, விற்றும் முடித்துவிட்டார்கள். வழக்கு மட்டும் முதல் கியரிலேயே முனகிக்கொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்யும்போதெல்லாம், "அம்மா, அந்தக் காரை வித்துத் தொலை," என்பாள். "வித்துட்டா சாட்சி போயிடும்டி," என்று இவள் சொல்வாள். வரவர அதைச் சொல்லும்போது குரலில் தெம்பு குறைந்துகொண்டே வந்தது.

ஆறாவது வருடம் புது நீதிபதி ஒரு வழி சொன்னார். முப்பத்தேழில் ஒரு வண்டியைச் சோதிப்பது. அது குடித்தால் எல்லாம் குடிக்கிறது. குடிக்காவிட்டால் எதுவும் குடிக்கவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் இன்ஜினியர் சோதிப்பார். வக்கீலம்மா டீச்சரின் காரைக் கொடுத்தாள். தினமும் ஓடுகிற வண்டி, ஒரு சர்வீஸ்கூடத் தவறாத வண்டி.

இன்ஜினியர் மெலிந்த ஆள். எதையும் மூன்று முறை துடைப்பவர். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, புதிதாகக் குச்சியின் மேல்கோடு வரைக்கும் நிரப்பினார். எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலும் அதன் கழுத்தின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். மூடியைத் திருகினால் கோடு விலகிவிடும். பானெட் தூக்கியபடியே நாலு பக்கமும் படம் எடுத்தார். ஒரு மாதம் பானெட்டைத் திறக்க மாட்டேன் என்று டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவள் கணவரிடம் சொன்னாள். "இந்த ஒரு மாசம் பானெட்டைத் தொடவே கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

"எண்ணெய் இறங்கிட்டா?"

"இறங்கணும். அதுக்குத்தானே சோதனை."

"எண்ணெய் குறைஞ்சு டாஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சா?"

"எரியட்டும். எரிஞ்சா நேரா இன்ஜினியர்கிட்ட ஓட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு."

"நேரா ஓட்டிட்டுப் போற வழியில ரவுண்டானா இருக்கே."

"இருந்தா இருக்கட்டும்."

டிப்போக்காரர் எழுந்தார். டீ டம்ளரைக் கழுவி வைத்தார். வைத்ததை எடுத்து மறுபடியும் கழுவினார்.

விளக்கு எரியவில்லை. முதல் வாரம் எரியாதது நியாயம். இரண்டாவது வாரமும் எரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தினமும் காலையில் போன் செய்தார்.

"எரிஞ்சுதா?"

"இல்லைங்க."

"நல்லா ஏத்தத்துல ஏத்திப் பாருங்க."

"ஏத்திட்டேன். இறக்கிட்டேன். ரெண்டு கல்லூரிப் பசங்களை விட்டு அரை கிளட்ச்சுல ஓட்டவும் விட்டுட்டேன். சும்மா பூனைக்குட்டி மாதிரி ஓடுது."

மூன்றாவது வாரம் அவர் கேட்கிற குரலே மாறிவிட்டது, டீச்சர்தான் ஏதோ குறும்பு செய்து விளக்கை அணைத்து வைத்திருக்கிறாள் என்கிற மாதிரி. நான்காவது வாரம் அவர் போன் செய்யவில்லை.

மாதம் முடிந்தது. இன்ஜினியர் பானெட்டைத் தூக்கி முதலில் படம் எடுத்தார், பிறகு குனிந்து பார்த்தார். மஞ்சள் கோடு கோடாகவே இருந்தது. குச்சியை உருவித் துடைத்து மூன்று முறை பார்த்தார். எண்ணெய் மேல்கோட்டில் நின்றது. 'குறைவு ஏதுமில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டார்.

ரொட்டிக்கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே, வண்டிக்காரர்கள் கூடினார்கள். பதினோரு பேர்தான் வந்தார்கள். அடுத்த வாய்தாவில் வழக்கைத் தள்ளச் சொல்லிக் கம்பெனி மனுப் போட்டிருக்கிறது, தன்னிடம் பதில் இல்லை என்று வக்கீலம்மா மறைக்காமல் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மூலையில் இருந்த ஒருவர் மட்டும், "ஒருவேளை நமக்குத்தான் ஓட்டத் தெரியலையோ என்னவோ," என்றார். டீச்சர் இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மாவு மூட்டையை எண்ணுகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் வகுப்பு வைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட முன்னறைக்கு வந்த டிப்போக்காரர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், பழைய ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலது கால் மெதுவாக அழுத்தியது, விட்டது, அழுத்தியது, விட்டது. எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றார்.

அவர் டீச்சர் என்று கூப்பிடுவது சண்டைக்கு மட்டும்தான். அவள் திரும்பினாள்.

"கால்ல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் ஊத்தினேன்."

"என்ன ஊத்தினீங்க?"

"எண்ணெய். வேறென்னத்தை ஊத்துவேன்?"

அழுத்தி விட்டுக்கொண்டிருந்த அவள் வலது கால் நின்றது.

"பானெட்டைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"கையெழுத்துப் போட்டது நீ. நானா போட்டேன்?"

"மூடியில பெயிண்ட் இருந்துதே."

"மூணு விரல்ல பிடிச்சுத் திருகினா மூடி விளிம்புல மட்டும் பெயிண்ட் கொஞ்சமா வெடிச்சு விடும். திரும்ப கோட்டுக்குக் கோடு வச்சுத்தான் மூடுவேன். டிப்போவுல முப்பத்தோரு வருஷம் கோட்டுக்குக் கோடு வச்சுத்தான் மூடினேன். அந்த ஒல்லி மனுஷன் கண்ணுக்கா தெரியப்போகுது?"

"முப்பத்தேழு பேரு," என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "முப்பத்தேழு பேரோட அஞ்சு வருஷத்தைக் கொண்டுபோய்க் குழியில ஊத்திட்டீங்க."

"முப்பத்தேழு பேரும் ரவுண்டானா நடுவுல உட்காரலையே. நீதானே உட்கார்ற. வறண்டுபோன இன்ஜின்ல உன்னை உட்கார வச்சு அனுப்பிட்டு நான் வீட்டுல டீ குடிக்கணுமா? விடிஞ்சா கை நிக்கலை. குச்சி குறைச்சுக் காட்டுற அன்னிக்கு ஒரு குவளை. அவ்வளவுதான்."

அவள் ஸ்டீயரிங்கைத் தரையில் வைத்தாள். சண்டை போட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் உடம்பு முழுக்க அலுப்பு. எழுந்திருக்கவே இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

"எத்தனை குவளை?"

"பானெட்டுல இருக்கு."

"என்னது?"

"கணக்கு. பானெட்டுல இருக்கு."

வாசலுக்குப் போனார்கள். சோதனை முடிந்ததிலிருந்து யாரும் பானெட்டைத் தூக்கவில்லை. அவர் தூக்கி முட்டுக் கொடுத்தார். தகட்டின் உட்புறத்தில், மூலையில், வெள்ளை சாக்பீஸில் குட்டைக் குட்டையாகச் செங்குத்துக் கோடுகள். ஐந்து ஐந்தாக, நான்குக்குக் குறுக்கே ஒன்று இழுத்து.

டிப்போவில் அதுதான் பழக்கம். ஊற்றியவன் பானெட்டுக்குள் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறைக்காரன் வந்து, தெரியாமல் மறுபடி ஊற்றிவிடுவான். கூடினாலும் இன்ஜினுக்கு ஆகாது. இங்கே அடுத்த முறைக்காரன் யாரும் இல்லை. அது கைக்குத் தெரியாதே.

டீச்சர் எண்ணினாள். பத்தொன்பது. அவள் வாழ்க்கையில் இப்படிப்பட்ட முட்டாள்தனத்தை, எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொண்ட ஒரு பேங்க் மேனேஜரிடம் தவிர, வேறெங்கும் பார்த்ததில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

"என்னங்க," என்றாள். "அந்த இன்ஜினியர் கடைசி நாள் பானெட்டைத் தூக்கின உடனே படம் எடுத்தாருல்ல?"

"எடுத்தாரு."

"நீங்க இதைக் கடைசியா எப்பத் தொட்டீங்க?"

"அன்னிக்கு விடியக்காலை."

அவள் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள். அறிக்கையோடு வைத்த படங்களில் மூன்றாவதில், குச்சிக்குப் பின்னால், மங்கலாக, யாரும் கவனிக்காத அந்தக் கோடுகள் இருந்தன. சோதனை தொடங்கிய நாள் எடுத்த படத்தில் அதே தகடு துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

வக்கீலம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைச் சொன்னா உங்க வீட்டுக்காரரைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க அக்கா," என்றாள். "கோர்ட்டு சோதனையைக் கெடுத்துட்டாருன்னு. சொல்லாட்டி கேஸ் போயிடும். சொன்னாலும் போகலாம்."

"சொல்லிடலாம்," என்றாள் டீச்சர். "இனிமே எதையும் மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை."

வாய்தா அன்று மூன்றாவது பெஞ்சில், பிளந்த பலகையை விட்டுத் தள்ளி, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிப்போக்காரர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். பையில் அலுமினியக் குவளை. வேண்டாம் என்று அவள் சொல்லியும் எடுத்து வந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரர் எதிரே நின்றார். அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

வக்கீலம்மா நடந்ததைச் சொல்லி முடித்தபோது கம்பெனி வக்கீலின் முகத்தில் பண்டிகைக் களை. சோதனை நிபந்தனை மீறப்பட்டது, வழக்கை இன்றே தள்ள வேண்டும் என்றார்.

நீதிபதி படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு டிப்போக்காரரைக் கூண்டுக்கு அழைத்தார். டீச்சரின் வலது கால் தரையை அழுத்தியது.

"நீங்க ஊத்தினது உங்க மனைவி வழக்குக்கே கெடுதல்னு தெரியாதா?"

"தெரியும்யா."

"அப்புறம் ஏன்?"

"இன்ஜின் சிக்கிச்சுன்னா வழக்குக்குத்தான் நல்லது. உள்ளே உட்கார்ந்திருக்கவளுக்கு நல்லதில்லையே."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இன்ஜினியரை எழுப்பினார். "ஆரம்பத்துல எண்ணெய் மேல்கோட்டுல. முடிவுலயும் மேல்கோட்டுல. நடுவுல ஒருத்தர் ஊத்தியிருக்காரு. அப்ப ஊத்தினதெல்லாம் எங்கே போச்சு?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தார். "இன்ஜின் குடிச்சிருக்கணும், ஐயா."

"சாக்பீஸ் கோடு யார் வேணும்னாலும் போடலாம்," என்று கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"போடலாம். ஆனா படம் எடுத்தது நீங்களும் ஒத்துக்கிட்ட இன்ஜினியர். தன் கேஸைத் தானே கெடுக்கிறதுக்கு இவரு முன்கூட்டியே கோடு போட்டு வச்சாருன்னு சொல்றீங்களா?" நீதிபதிக்கும் அலுப்புத்தான், குரலில் தெரிந்தது. "உட்காருங்க. சோதனை செல்லுமா, மறுபடி வைக்கணுமான்னு அடுத்த முறை பேசிக்கலாம். வழக்கைத் தள்ளச் சொன்ன மனுவை இன்னிக்குத் தள்ளுறேன்."

தட்டச்சுக்காரர் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் முன்னே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சோதனை நடந்த மாதத்தில், ஓட்டுநரின் கையாளுதலில் குறை எதுவும் காணப்படவில்லை…"

ஆறாவது வருடத்தில் வந்த வரி அது. தட்டச்சு இயந்திரம் அதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடிக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முன்னறைச் சுவரில் ஆணி எங்கே அடிப்பது என்று மட்டும் யோசித்தாள்.

"…வாகனத்தின் இன்ஜின் அம்மாதத்தில் பத்தொன்பது குவளை எண்ணெயை…"

கூண்டில் நின்ற டிப்போக்காரர் தொண்டையைச் செருமினார். டீச்சரின் கால் தரையை ஓங்கி அழுத்தியது. நீதிமன்றத்தின் தரையிலும் பிரேக் இல்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றார். "பத்தொம்பது இல்லீங்க, இருபது. ஒரு நாள் இவ கதவு திறக்கிற சத்தம் கேட்டு, கோடு போடாம உள்ளே ஓடிட்டேன். புது டப்பா, ரெண்டு லிட்டரு, காலியாயிடுச்சு. பத்தொம்பதுன்னா ஒரு குவளை மிச்சம் இருந்திருக்கணும்."